மகனுக்கு இரண்டு நாட்டு பி.ஆர்.: ஒன்றைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். 1971-ல் ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து வந்தவன். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மகன் 2019-ல் கனடாவுக்குப் படிக்கப் போனான். 2022 மார்ச்சில் பி.ஆர்., அதாவது நிரந்தரவாச அனுமதி, கிடைத்தது. வின்ட்சர் நகரில் கார் உதிரிபாகம் வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. 2024 மே மாதம் கல்யாணம் முடிந்தது. மருமகள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள், டெட்ராய்ட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவள் மூலமாக 2025 ஆகஸ்டில் மகனுக்கு அமெரிக்க பி.ஆரான கிரீன் கார்டும் வந்துவிட்டது. இப்போது டெட்ராய்ட்டில் குடியிருந்துகொண்டு வாரத்தில் நாலு நாள் வின்ட்சருக்கு வேலைக்குப் போய்வருகிறான். போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் உறவினர் ஒருவர், "இரண்டு நாட்டு பி.ஆர். வைத்திருப்பது மோசடி. கண்டுபிடித்தால் இரண்டும் போய்விடும், இந்தியக் குடியுரிமையும் போய்விடும்" என்றார். ஒரு ஏஜென்ட், கனடா பி.ஆரை ஒப்படைக்கும் பாரத்தைப் போட்டுத் தர நாற்பதாயிரம் கேட்கிறார். மகனோ "ஒண்ணும் ஆகாதுப்பா" என்கிறான். எனக்குத் தூக்கம் இல்லை. தேயிலையை அவன் பேருக்கு எழுதிவைக்கவும் நினைத்திருக்கிறேன். பேங்க்கில் 14 லட்சம் டெபாசிட் என் பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. இரண்டு நாடும் எங்களை வேண்டாம் என்று சொன்ன காலத்தைப் பார்த்தவன் நான். என் மகனுக்கும் அப்படி ஒரு நிலை வந்துவிடுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மகனும் எந்தப் பாரத்திலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். கனடா பி.ஆரை விட்டுவிடுவது சுலபம். ஒரு பாரம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். விட்டதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் முதலிலிருந்து விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும்.

உங்கள் உறவினர் சொன்னது தவறு. கனடாச் சட்டத்திலும் சரி, அமெரிக்கச் சட்டத்திலும் சரி, பக்கத்து நாட்டில் நிரந்தரவாசம் இருந்தால் இங்கே கிடையாது என்று ஒரு விதி இல்லை. இரண்டையும் வைத்திருப்பது குற்றமும் இல்லை. இந்தியக் குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரசியலமைப்பின் 9-வது பிரிவும், 1955-ம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவும் சொல்வது ஒன்றைத்தான்: தானாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போகும். பி.ஆர். என்பது குடியுரிமை இல்லை. வசிக்கவும் வேலை பார்க்கவும் கொடுக்கும் அனுமதி. அப்படி மூன்று நாட்டில் அனுமதி இருந்தாலும் உங்கள் மகன் இன்று இந்தியக் குடிமகன்தான்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இந்த மலையில் வக்கீல் தொழில் செய்கிற யாருக்கும் அது தெரியாமல் இருக்காது. 1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு சிலோன் குடியுரிமை கொடுப்பது என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை என்ன செய்வது என்று அப்போது முடிவு செய்யவே இல்லை. பத்து வருடம் கழித்து 1974-ல்தான் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்து தேயிலைக் காட்டில் வேலைக்கு நின்ற குடும்பங்களின் பழைய காகிதங்களை எத்தனையோ முறை என் மேசையில் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி கொண்டுவந்த குடும்ப அட்டை நன்றாக நினைவிருக்கிறது. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டதற்குக் கையில் கொடுக்கவில்லை. மெஷின் வரைக்கும் தானே எடுத்துவந்து, வெளிச்சம் ஓடி முடிகிற வரை மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

அந்த அனுபவத்தோடு பார்க்கிறவருக்கு இரண்டு நாட்டுக் காகிதம் என்றால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் அப்பா அம்மாவுக்கு இருந்தது வேறு பிரச்சினை. அவர்களுக்குக் குடியுரிமையே இல்லாமல் இருந்தது. மகனுக்குக் குடியுரிமை பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேல்தான் இரண்டு அனுமதிகள். கனடா பி.ஆர். நாளைக்கே போனாலும், கிரீன் கார்டு போனாலும், இந்தியா வேண்டாம் என்று சொல்ல முடியாது. இதை மட்டும் மனதில் இருத்திக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

சரி, குற்றமில்லை என்பதால் கவலையே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. இரண்டு நாடும் இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கின்றன. அதைப் புரிந்துகொள்ளாமல் "ஒண்ணும் ஆகாது" என்று இருந்தவர்கள்தான் மாட்டியிருக்கிறார்கள்.

கனடா நாள் கணக்குப் பார்க்கும். எந்தத் தேதியில் சோதித்தாலும் அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் 730 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். வீடு எங்கே, மனைவி எங்கே, மனசு எங்கே என்று கேட்பதில்லை. அதில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரு நாளில் கொஞ்ச நேரம் அங்கே இருந்தாலும் அது ஒரு முழு நாளாகவே கணக்கில் வரும். உங்கள் மகன் காலையில் டெட்ராய்ட்டிலிருந்து ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் காரை ஓட்டிக்கொண்டு வின்ட்சருக்குப் போய், சாயங்காலம் திரும்பி வருகிறான். வின்ட்சரில் ஒரு இரவுகூடத் தங்காவிட்டாலும் அந்த நாள் கனடாவில் இருந்த நாள்தான். வாரம் நாலு நாள் என்றால், லீவெல்லாம் போக வருடத்துக்கு 190 நாள் தேறும். ஐந்து வருடத்தில் 950. தேவை 730. வேலை நிற்காத வரைக்கும் கனடாப் பக்கம் பயமில்லை.

ஒருவேளை நாளைக்கே வின்ட்சர் வேலையை விட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே எதுவும் ஆகிவிடாது. 2022 மார்ச்சிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை அங்கேயே குடியிருந்திருக்கிறான். கல்யாணத்துக்கும் இன்னொரு தடவையும் ஊருக்கு வந்த நாட்களைக் கழித்துவிட்டாலும் ஆயிரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. பின்னோக்கி ஐந்து வருடம் பார்க்கும்போது அந்தப் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து 730-க்குக் கீழே இறங்குவதற்கு ஏறக்குறைய 2028 நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை மூச்சு விட நேரம் இருக்கிறது. கனடாக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்தால் அந்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. மருமகள் அமெரிக்கக் குடிமகள் என்பதால் அது இவனுக்கு உதவாது. யாராவது அந்தச் சலுகையைக் காட்டி ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

பி.ஆர். கார்டின் தேதி முடிந்துவிட்டால் பி.ஆரே முடிந்துவிட்டது என்றும் பலர் நினைக்கிறார்கள். கார்டு வேறு, அந்தஸ்து வேறு. கார்டு காலாவதியானாலும் அந்தஸ்து நிற்கும். அதிகாரபூர்வமாக முடிவெடுத்து ரத்து செய்தால்தான், அல்லது தானே எழுதிக்கொடுத்தால்தான், அல்லது குடியுரிமை வாங்கினால்தான் அது போகும்.

அமெரிக்கா கேட்பது வேறு கேள்வி. அங்கே இத்தனை நாள் என்று ஒரு எண்ணைக் காட்டி அதைத் தாண்டினால் போதும் என்று இருந்துவிட முடியாது. உன் வீடு எது? இதுதான் கேள்வி. வாடகை ஒப்பந்தம் எங்கே, மனைவி எங்கே, வரி எங்கே கட்டுகிறாய், இரவு எங்கே படுக்கிறாய் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் திரும்பி வரும்போது புதிதாக நுழைகிற ஆளைப் போல விசாரிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஒரு வருடம் தாண்டினால் வெறும் கிரீன் கார்டை வைத்துக்கொண்டு நுழைய முடியாது. போவதற்கு முன்பே, அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே, ரீ-என்ட்ரி பெர்மிட் என்கிற திரும்பி நுழையும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

மகன் டெட்ராய்ட்டில் மனைவியோடு குடியிருக்கிறான், தினமும் ராத்திரி அங்கேதான் திரும்புகிறான் என்பதால் இந்தக் கேள்விக்கும் அவனிடம் நேர்மையான பதில் இருக்கிறது. வேலை கனடாவில் என்பது மட்டும் பாதகமில்லை. இரண்டு கார்டையும் நேர்மையாகக் காப்பாற்றக்கூடிய அபூர்வமான இடத்தில் அவன் நிற்கிறான். நடுவே ஒரு ஆறு மட்டும் இருப்பதால்தான் இது நடக்கிறது. ஒரு பி.ஆர். ஆஸ்திரேலியாவிலும் இன்னொன்று கனடாவிலும் இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று. வின்ட்சரில் வாடகை குறைவு, வேலையும் அங்கேதானே என்று வீட்டை அந்தப் பக்கம் மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் வீடும் வேலையும் கனடாவில் ஆகிவிடும். கிரீன் கார்டுக்கு ஆதாரமாக எதுவும் மிஞ்சாது. "கனடாவில் குடியிருந்துகொண்டே கிரீன் கார்டு வைத்திருக்கலாம், கம்யூட்டர் என்று ஒரு வகை இருக்கிறது" என்று அவனுடைய நண்பர்கள் சொல்லலாம். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கனடாவிலோ மெக்சிகோவிலோ குடியிருந்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் வேலைக்குப் போகிறவர்களுக்கானது அது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை இல்லாமல் போனால் அந்த உரிமை போய்விடும். அப்படிப் போய்வருகிற காலம் அமெரிக்கக் குடியுரிமைக்கான வசிப்பிடக் கணக்கிலும் சேராது. முக்கியமாக, வேலை அமெரிக்காவில் இருக்க வேண்டும். உங்கள் மகன் போவது எதிர்த்திசையில். அவனுக்கு அது பொருந்தாது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. பந்தலூர் தாலுகாவில் தாளூர்ப் பக்கம் குடியிருந்து, சோதனைச்சாவடியைத் தாண்டி வயநாட்டில் வேலைக்குப் போய்வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லையைத் தினமும் கடப்பதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கம் ஒரு ரேஷன் கார்டு, இந்தப் பக்கம் ஒரு ரேஷன் கார்டு என்று வைத்திருந்தால்? அங்கேதான் வம்பு. உங்கள் மகன் விஷயத்தில் ரேஷன் கார்டு மாதிரி இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தின் இலவச மருத்துவக் கார்டு. அதை வைத்திருக்க ஒன்டாரியோதான் முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும். எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்கவும் வேண்டும். நாள் கணக்கு வேலைக்குப் போவதாலேயே தேறிவிடும். வீடு டெட்ராய்ட்டில் என்பதால் முதல் நிபந்தனை அடிபட்டுப்போகும். ஆகஸ்டிலிருந்து இன்னும் அந்தக் கார்டைக் காட்டி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முகவரி மாறிவிட்டது என்று மாகாண அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். உறவினர் சொன்ன "மோசடி" என்கிற வார்த்தை இரண்டு பி.ஆருக்குப் பொருந்தாது. ஓர் இடத்தில் குடியிருந்துகொண்டு இன்னோர் இடத்தில் குடியிருப்பதாகச் சொல்லிச் சலுகை வாங்கினால் கட்டாயம் பொருந்தும். அதை மறைக்கவும் முடியாது. இவனைப் போல இரண்டு நாட்டு நிரந்தரவாசிகள் தரைவழி எல்லையைக் கடக்கும் விவரத்தை 2013-லிருந்தே இரண்டு அரசாங்கமும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கம் நுழைந்த பதிவுதான் இன்னொரு பக்கம் வெளியேறிய பதிவு.

இதே காரணத்துக்காக இன்னொன்று சொல்கிறேன். அமெரிக்காவில் டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறாயா என்று அந்தப் பாரத்திலேயே கேட்பார்கள். அவசரத்தில் ஆமாம் என்று டிக் அடித்துவிட்டு வருடக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் உண்டு. குடிமகன் இல்லாதவன் குடிமகன் என்று சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்படும். கிரீன் கார்டையே பறிக்கக்கூடிய விஷயம். அந்தப் பாரத்தின் நகலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு இப்படித்தான் இரண்டு கார்டும் இருந்தன. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்கு வந்தார். மூன்று மாதம் என்று வந்தவர் இரண்டரை வருடம் இருந்துவிட்டார். ரீ-என்ட்ரி பெர்மிட் எதுவும் எடுக்கவில்லை. அம்மா காலமான பிறகு திரும்பிப் போனபோது அமெரிக்க விமான நிலையத்தில் தனி அறையில் உட்காரவைத்து, ஐ-407 என்கிற பாரத்தை நீட்டினார்கள். கிரீன் கார்டை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் பாரம் அது. பதினாலு மணி நேர விமானப் பயணக் களைப்பு, பயம். கையெழுத்துப் போட்டுவிட்டார். "மாட்டேன், நீதிபதியிடம் என் காரணத்தைச் சொல்கிறேன்" என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. யாரும் அதை அவருக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை. சரி, கனடாவாவது இருக்கிறதே என்று போனால், அங்கே நாள் கணக்கு 730-ஐத் தொடவில்லை. அங்கே மனிதாபிமானக் காரணங்களைக் கேட்க இடம் உண்டு. அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கனடாவுக்குத் திரும்பக் கேட்ட பயண ஆவணம் மறுக்கப்பட்ட 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். என்னிடம் வந்து சேரும்போது எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது. இரண்டு பி.ஆர். வைத்திருந்ததற்காக எந்த நாடும் அவரைத் தண்டிக்கவில்லை. இரண்டு இடத்திலுமே அவர் இல்லாமல் போனார், அதுதான் நடந்தது. நான் இன்றைக்கும் அவரைக் கடைவீதியில் பார்க்கும்போது, முன்பே ஒரு அரைமணி நேரம் என்னிடம் பேசியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கோ வீட்டம்மாவுக்கோ உடம்புக்கு முடியாமல் போனால் மகன் வரட்டும், வராமல் இருக்க முடியுமா? ஆனால் நீண்ட நாள் இருக்க வேண்டும்போலத் தெரிந்தால் விமானம் ஏறும் முன்பு அந்தப் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வரட்டும்.

மருமகள் மூலம் வந்த கிரீன் கார்டைப் பற்றி ஒரு தேதி. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் கிடைத்ததால் அது இரண்டு வருடத்துக்கான நிபந்தனைக் கார்டாகத்தான் இருக்கும். 2027 ஆகஸ்டில் முடியும். அதற்கு முந்தைய 90 நாளுக்குள், அதாவது மே மாதத்துக்குப் பிறகு, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஐ-751 விண்ணப்பம் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். மறந்தால் கார்டு மட்டும் காலாவதியாவதில்லை, அந்தஸ்தே முடிந்துபோகும். கனடாக் கார்டுக்கு மேலே சொன்னதற்கு நேர் எதிர். சேர்ந்து வாழ்ந்ததற்கான வாடகை ரசீது, கூட்டுக் கணக்கு, கரண்ட் பில் எல்லாவற்றையும் இப்போதிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வைக்கட்டும்.

வரி விஷயம். கிரீன் கார்டு இருக்கிற வரைக்கும் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வின்ட்சர் சம்பளத்துக்குக் கனடா வரி பிடிக்கும். அதை அமெரிக்கக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. கனடா வரிக் கணக்கில் "நான் இங்கே வசிக்காதவன்" என்று காட்டினால் கனடா பி.ஆருக்கு அதனால் பாதிப்பில்லை, அங்கே நாள்தான் பேசும். ஆனால் அமெரிக்க வரிக் கணக்கில் அதே மாதிரி "வசிக்காதவன்" என்று எழுதினால், கிரீன் கார்டைக் கைவிட்டதற்கு அவனே கொடுத்த சாட்சியாகிவிடும். கொஞ்சம் வரி மிச்சமாகும் என்று எந்த ஆடிட்டர் சொன்னாலும் அதை மட்டும் செய்யக் கூடாது.

உங்கள் 14 லட்சம் டெபாசிட்டும் இங்கேதான் வருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தாலே போதும், பணம் யாருடையது என்பது அப்புறம். 14 லட்சம் அந்த எல்லையைத் தாண்டிய தொகை. அவனுடைய வின்ட்சர் சம்பளக் கணக்கும் இதில் சேரும். தெரிவிப்பதற்கு வரி இல்லை, தெரிவிக்காமல் விட்டால்தான் அபராதம், அதுவும் சின்னத் தொகையாக இருக்காது. இந்த வருடத்துக்கு அவன் தெரிவித்துவிடட்டும். நீங்கள் டெபாசிட் முதிர்ந்ததும் உங்கள் ஒருவர் பெயரில் மாற்றிக்கொண்டு மகனை நாமினியாகப் போடுங்கள். நாமினிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நாளையும் தேதியையும் சொல்லி முடித்தாயிற்று. இனி நான் உண்மையில் உங்களிடம் பேச நினைத்தது.

இரண்டு பி.ஆரையும் காலம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓட முடியாது. வேலை மாறும், குழந்தை பிறக்கும், சுரங்கப் பாதையில் தினமும் போய்வருகிற தெம்பு குறையும். அதற்குள் ஒன்றையாவது யாரும் பறிக்க முடியாத ஒன்றாக மாற்றிக்கொள்வது நல்லது. கனடாக் குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். உங்கள் மகன் 2022 மார்ச்சிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை சுமார் 1,250 நாள் அங்கே குடியிருந்திருக்கிறான். ஊருக்கு வந்து போன நாட்களைக் கழித்தாலும் தாண்டிவிட்டது. மாணவனாக இருந்த காலத்திலும் நாளுக்கு அரை நாள் வீதம் கொஞ்சம் சேரும். வரிக் கணக்கு ஒழுங்காகக் கொடுத்திருக்க வேண்டும், ஒரு தேர்வு எழுத வேண்டும், சத்தியப் பிரமாணம் எடுக்கும் நாள் வரை பி.ஆர். நிபந்தனையும் குலையாமல் இருக்க வேண்டும். 2027 மார்ச்சுக்குப் பிறகு பழைய நாட்கள் கழியத் தொடங்கிவிடும். அதனால் இந்த வாய்ப்பு இப்போது கையில் இருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டால், கனடாவில் எத்தனை நாள் இருந்தான் என்று அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். கிரீன் கார்டு பாட்டுக்கு இருக்கும். கைவசம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பது அமெரிக்காவுக்குப் பொருட்டில்லை. 2028 ஆகஸ்டில், அமெரிக்கக் குடிமகளோடு மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த கணக்கில், அந்த நாட்டுக் குடியுரிமைக்கும் தகுதி வரும். இரண்டு நாடும் ஒன்றையொன்று விடச் சொல்வதில்லை.

ஆனால் இந்தியா விடச் சொல்லும். கனடாக் குடியுரிமை வாங்கிய அந்த நாளிலேயே அவனுடைய இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். நீலப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அதில் பயணம் செய்வது குற்றம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கொண்டு விசா இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் கோத்தகிரிக்கு வரலாம், இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது.

மகன் உங்களிடம் "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எந்தக் குடியுரிமைக்காகக் கப்பல் ஏறி வந்தீர்களோ அதை விடுகிறேன் என்று அவனால் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் இருக்கலாம். நீங்களே பேச்சை எடுங்கள், ஐயா. "கனடா சிட்டிசன்ஷிப் எடுக்கிற எண்ணம் இருந்தா சொல்லுப்பா, எனக்கு வருத்தமில்லை" என்று. வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவன் முப்பது வயதைத் தாண்டியவன், தாங்கிக்கொள்வான். இந்தியக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று அவன் சொன்னாலும் அதில் தப்பில்லை. அப்போது எந்த நாட்டில் வேர் விடுவது என்று 2028-க்குள் அவனும் மருமகளும் பேசி முடிவு செய்து, மற்றதை முறையாக, தன் கையால் ஒப்படைக்கட்டும். அந்தப் பாரத்தைத் தானே நிரப்பலாம், ஏஜென்ட் தேவையில்லை. குடியுரிமை விண்ணப்பத்துக்கும் ஐ-751-க்கும் மட்டும் அந்தந்த நாட்டில் லைசன்ஸ் உள்ள வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். நான் இந்தியச் சட்டத்தில் தொழில் செய்கிறவள். அங்கே அவனுக்காக நிற்க அங்குள்ளவரால்தான் முடியும்.

கடைசியாக அந்த ஒன்றரை ஏக்கர். தான செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். வெளிநாட்டில் வசிக்கிறவர், இந்தியக் குடிமகனாக இருந்தாலும் சரி, ஓ.சி.ஐ. ஆக இருந்தாலும் சரி, விவசாய நிலத்தையோ தேயிலைத் தோட்டத்தையோ விலைக்கு வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை. ஆகவே உயில்தான் சரியான வழி. நீங்கள் இருக்கும் வரை தோட்டம் உங்களுடையது, இலை பறித்த காசும் உங்களுடையது, மனசு மாறினால் உயிலையும் மாற்றலாம்.

உயில் எழுத என்னிடம் வரும்போது பட்டா, சிட்டா நகல், மூலப்பத்திரம், உங்கள் ஆதார் எடுத்துவாருங்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், உங்களைவிட வயதில் இளையவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாகப் பார்த்து அழைத்துவாருங்கள். மகனையோ மருமகளையோ சாட்சியாகப் போட வேண்டாம். கோத்தகிரி சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்துவிடலாம். மகன் ஊருக்கு வந்துபோன தேதிகளை மட்டும் பாஸ்போர்ட் முத்திரை பார்த்து எழுதி உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். அன்றைக்கே உட்கார்ந்து அவனுடைய நாள் கணக்கையும் போட்டுத் தந்துவிடுகிறேன்.